நிலைக்கை

இவன் வலியில வந்தவன் இல்ல. வலியில வர்றவன் மாடிப்படி ஏறும்போதே தெரிஞ்சுபோகும், சுவத்தை அப்பிக்கிட்டு, ரெண்டு படிக்கு ஒருதரம் நின்னு, மேல வந்ததும் என் மூஞ்சியக்கூடப் பாக்காம உக்கார எடம் தேடுவான். இவன் என்னடான்னா வாசல்ல நின்னு போர்டைப் படிக்கிறான். பவுன்ராஜ், நிலைக்கை சிகிச்சை நிலையம், மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை. வாய்விட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையா. யாரு காதுக்குப் படிச்சான்? சட்டைப் பைக்குள்ள எது கேட்டுக்கிட்டு இருக்கு? உள்ள வந்து “வணக்கம் டாக்டர்”னான். நான் டாக்டர் இல்லங்க, சார்னே கூப்பிடுங்கன்னேன். “சரிங்க டாக்டர்”னான். மூணு தரம் திருத்தினேன், மூணு தரமும் டாக்டர்தான். ஒருதரம் நான் திருத்தாம விட்டுருந்தா அதை மட்டும் வெட்டி எடுத்து வீடியோவாப் போட்டுருப்பானுங்க, பாருங்கய்யா டாக்டர்னு சொல்லிக்கிட்டுத் திரியிறான்னு. இப்ப மல்லாந்து படுத்திருக்கான். பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, என் எடது கை அவன் பிடரிக்கு அடியில, வலது கை முதுகெலும்பு முடியுற எடத்துக்கு அடியில. அவன் பாரம் ரெண்டு கைமேலயும். பதினெட்டு நிமிஷம் கையை எடுக்கக் கூடாது, நான் பேசவும் கூடாது. நான் போட்ட சட்டம்தான். மணி பதினொண்ணு ஆகப்போகுது, கை வச்சு ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டான். இமை மட்டும் துடிக்குது. தூங்குறவன் இமை இப்படித் துடிக்காது.

பேரு தவமணியாம். ரேஷன் குடோன்ல மூடை தூக்குறானாம். மூடை தூக்குறவன் உள்ளங்கையா அது, நான் பிடிச்சுப் பாத்தேனே, மெத்துனு இருக்கு. சரி, அது போகட்டும். சொன்னான் பாருங்க நோயை, அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. “இடுப்பு வலி மூணு வாரமா இருக்கு டாக்டர், நேத்துல இருந்து ரெண்டு காலும் இழுக்குது, உக்காருற எடம் பஞ்சு வச்ச மாதிரி மதமதன்னு கிடக்கு, காலையில இருந்து ஒண்ணுக்கும் போகல.” நான் கேக்கவே இல்ல. அவனா ஒப்பிச்சான். வர்றவங்க எவனாவது இப்படிச் சொல்வானா? அவங்களுக்குப் பாதி வாயில வராது, மீதியச் சொல்ல வெக்கப்படுவாங்க, நாமதான் தோண்டி எடுக்கணும். கைரோபிராக்டிக் படிக்கப்போன மொத வாரமே சொல்லிக்குடுத்த பாடம் இது. முதுகெலும்பைக் கையால திருப்பி நேராக்குற வைத்தியம்ல அது, அதனால எங்க திருப்பக் கூடாதுங்கிறதுதான் மொத பாடம். இடுப்பு வலிக்காரன் வந்தா கேளு, உக்காருற எடம் மரத்துச்சா, மூத்திரம் அடைச்சுச்சா, ரெண்டு காலும் விட்டுப்போகுதா. இதுல எதுக்கு ஆமான்னாலும் தொடாத, நேரா ஆஸ்பத்திரி. நரம்புக் கொத்து நசுங்குது, மணிக்கணக்குலதான் நேரம், தள்ளிப்போச்சுன்னா ஆயுசுக்கும் கால் வராது, மூத்திரம் நிக்காது. இவன் மூணையும் வரிசையா, பாடம் மாத்தாம சொல்றான். எவனோ புத்தகத்தைப் பாத்து எழுதிக் குடுத்து அனுப்பியிருக்கான். போன மாசம்கூட ஒரு வர்ம வைத்தியரை இப்படித்தான் பொய் நோயாளி அனுப்பிப் படம் புடிச்சுப் போட்டானுங்க, அஞ்சு லட்சம் பேரு பாத்துச் சிரிச்சாங்க. மனுசன் கடையைச் சாத்திட்டு மருமகன் வீட்டுல போய் உக்காந்திருக்காரு.

ஆனா நெசமா இருந்தா? நெசமா இருந்தா இந்நேரம் இவன் என் கட்டில்ல படுத்திருக்கக் கூடாது. சும்மா இரு. நெசமா இருந்தா ஊசிமுனை ஒண்ணு எடுத்துத் தொடையோட உள்பக்கம் தொட்டுப் பாத்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஏன் பாக்கல? பாத்தா மாட்டிக்குவோம்ல. நோய் தெரிஞ்சே கை வச்சான்னு ஆகிப்போகும். அனுப்பிவச்சா அதுவும் மாட்டிக்கிறதுதான், பாருங்கய்யா, ஆபரேஷன் இல்லைன்னு போர்டு போட்டவன் ஆளைக் கண்டதும் ஆபரேஷனுக்கு அனுப்புறான், இவன் கையை இவனே நம்பல. வரப்போற ஞாயித்துக்கிழமை மொத மொதலா முப்பது பேருக்கு வகுப்பு எடுக்கப் போறேன், மண்டபம் பேசியாச்சு, கேரளாவுல இருந்துகூட ரெண்டு பேரு வர்றாங்க. இந்த வாரம் பாத்து இவன் வர்றான். சோணைமுத்து அனுப்பியிருப்பானோ? அவன் அனுப்புவான், ஆறு வருஷம் எனக்கு உதவியா இருந்தவன், இப்ப வத்தலக்குண்டுல அசையாக்கைன்னு போர்டு மாட்டியிருக்கான், பேரைப் பாருங்க, வெக்கங்கெட்ட பய. இவனோட வந்த மச்சான்காரன் மேல வராம கீழ மிக்சி ரிப்பேர் கடைப் பக்கம் பைக்கோட நிக்கிறான். ஏன் மேல வரல? அக்கா புருஷன் நடக்கமாட்டாம வந்திருக்கான்னா கூட வந்து நிக்க மாட்டானா? கொக்கியில மாட்டுன சட்டைப் பையில செல்போன் எட்டிப் பாக்குது, தலை மட்டும், ஒரு சின்னக் கண்ணாடி கட்டிலைப் பாத்தே இருக்கு. எந்திரிச்சுப் போய்த் திருப்பி வைக்கலாம்னா ரெண்டு கையும் இவனுக்கு அடியில. நல்லா வசமா மாட்டுனேன்.

“கை வச்சுட்டீங்களா டாக்டர்?” அடேய். நாலு நிமிஷமாச்சு, உன் மொத்தப் பாரமும் என் உள்ளங்கையிலதான் இருக்கு, கை வச்சுட்டீங்களாவாம். என்னா நடிப்பு. நான் பதில் சொல்ல மாட்டேன், சொன்னா சட்டம் போச்சு. பிடரியில லேசா ஒரு அழுத்தம் குடுத்தேன். “ஆங், கழுத்துல தெரியுது. சரிங்க டாக்டர்.” கழுத்துல தெரியுது. அப்ப கீழ? கீழ தெரியலங்கிறானா, தெரியாத மாதிரி காட்டிக்கிறானா? எழுதிக்குடுத்தவன் கெட்டிக்காரன், சின்னச் சின்ன விஷயமெல்லாம் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கான். கீழ கடையில மிக்சியைப் போட்டுப் போட்டு நிறுத்துறான், காது கிழியுது.

நான் ஒண்ணும் பித்தலாட்டம் பண்ண வந்தவன் இல்ல. பிசியோதெரபி படிச்சுட்டுக் கோலாலம்பூர் போனேன், ஒரு சீனர் வச்சிருந்த கிளினிக்குல வேலை, அங்கயே அஞ்சு வருஷம் ராப்பகலா கைரோபிராக்டிக் படிச்சேன், கழுத்தெலும்பு ஏழையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால எண்ணுவேன். மதுரைக்குத் திரும்பி வந்ததும் அப்படி ஒரு கூட்டம். கழுத்தைப் புடிச்சு ஒரு திருப்பு, சடக்னு சத்தம், வந்தவன் மூஞ்சியில ஒரு வெளிச்சம். சடக்கு டாக்டர்னே பேரு வச்சாங்க, அப்ப எல்லாம் நான் டாக்டர் இல்லன்னு யாரையும் திருத்தினது கிடையாது, அதையும் சொல்லிப்புடணும். அப்புறம் அந்த டீச்சரம்மா. ராஜகுமாரின்னு பேரு, முப்பத்தெட்டு வயசு, பேப்பர் திருத்தித் திருத்திக் கழுத்து வலி. நல்ல திருப்புதான், நூத்துக்கு நூறு சரியான திருப்பு, சத்தம்கூட அழகா வந்துச்சு. எந்திரிச்சு உக்காந்தாங்க. “சார், பேன் ரெண்டாத் தெரியுது”ன்னாங்க. வாந்தி எடுத்தாங்க. வாய் ஒருபக்கம் கோணுச்சு. கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நாலு மாசத்துல எந்திரிச்சுட்டாங்க, நடந்தாங்க, உதடு மட்டும் சரியா வரல. அவங்க வீட்டுக்காரர் வராந்தாவுல என்கிட்டக் கேட்டார், “இதுக்கு முந்தி யாருக்காச்சும் இப்படி ஆகியிருக்கா சார்?” இல்லைன்னேன். நெசந்தான், ஆனது இல்ல. அதுக்குமேல அவர் கேக்கல, இப்படி ஆகலாம்னு நான் படிச்சிருந்ததை நானும் சொல்லல. எங்க நேரம் சார்னு சொல்லிட்டுக் காப்பி வாங்கிக் குடுத்தார். அந்தக் காப்பிய நான் குடிச்சேன், கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன்.

அடுத்த வாரம் வந்தவன் ஒரு பேங்குக்காரன். கழுத்துக்கு அடியில கை குடுத்தேன், திருப்பணும், திருப்ப வரல. விரல் நடுங்குது. எடுத்தா நடுக்கம் அவனுக்குத் தெரிஞ்சுபோகும், திருப்புனா பேன் ரெண்டாத் தெரியும், அப்படியே வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். பயத்துல மூச்சுக்கூட மெதுவா விட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியாது, கடைசியில அவனே கண்ணைத் தொறந்து, “என்ன சார் பண்ணீங்க, கழுத்து பூ மாதிரி ஆயிருச்சு”ங்கிறான். கடிகாரத்தைப் பாத்தேன், பதினெட்டு நிமிஷம். இதுதான் நிலைக்கை பொறந்த கதை, வேற ஒண்ணும் கிடையாது, திருப்பப் பயந்தவன் கையை வச்சுக்கிட்டு முழிச்ச கதை. வீடியோவுல நான் சொல்றது வேற. சதுரகிரியில மூணு நாள் இருந்தேன், முதுகெலும்புக்குள்ள மூச்சு ஓடுற சத்தம் கேட்டுச்சு, சித்தர்கள் பதினெட்டு, நிமிஷமும் பதினெட்டுன்னு. நான் சதுரகிரிக்குப் போனது உண்மைதான், பாதியில மழை புடிச்சுத் திரும்பி வந்துட்டேன். ஆனா சனங்க அந்தப் பதினெட்டைக் கேட்டதும் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம் என் கைக்கே தெரிய ஆரம்பிச்சுச்சு, பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல ஒரு அசைவு, உள்ளுக்குள்ள ஏதோ தளர்ந்து எறங்குற மாதிரி. எறக்கம்னு பேரு வச்சேன். எறங்கிருச்சுன்னு சொன்னா வந்தவங்களும் ஆமா சார் எறங்கிருச்சுங்கிறாங்க. பொய் இல்ல. என் கைக்கு நெசமாவே தெரியும். அதான் சங்கடமே. ஏன்னா ஒருநாள் மத்தியானம் வீட்டுல இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டைக்கு அடியில ரெண்டு கையையும் குடுத்து உக்காந்து பாத்தேன். பதினோராவது நிமிஷம் எறங்குச்சு. சத்தியமா எறங்குச்சு, அரிசி. என் வீட்டுக்காரி ஜோதிமணி உள்ள வந்து பாத்துட்டு, “என்ன, அரிசிக்கும் இடுப்பு வலியா?”ன்னா. சிரிச்சேன். எறங்குனதை அவகிட்டச் சொல்லல, யாருகிட்டயும் சொல்லல. நாலு வருஷம் ஆச்சு.

பத்து நிமிஷம். இவனுக்கு இன்னும் ஒண்ணும் எறங்கல. அரிசிக்கு எறங்குனது இவனுக்கு எறங்கல, என் கையும் இவனைச் சந்தேகப்படுதோ என்னமோ. “எங்க வீட்டுல சொன்னா டாக்டர்” — மறுபடி வாயைத் தொறக்குறான், கண்ணைத் தொறக்கல — “ஆஸ்பத்திரிக்குப் போனா கத்திதான் வைப்பாங்க, கத்தி வச்சா அப்புறம் மூடை தூக்க முடியாது, பவுன்ராஜ் டாக்டருகிட்டப் போ, அவரு கை மட்டும்தான் வைப்பாருன்னு. ஒங்க வீடியோவெல்லாம் பாப்பா. சித்தரு கதையைக் கேட்டு அழுதுட்டா.” இதுவும் எழுதிக்குடுத்ததா? சித்தரு கதையை என் வாயால மறுபடி சொல்ல வைக்கப் பாக்குறானா? இல்ல, ஒரு பொம்பள நெசமாவே உக்காந்து அழுதிருக்குமா? நெத்தியில வேர்த்திருக்கான். இந்தப் பேன் காத்துல வேர்க்குது. நடிக்கிறவனுக்கு வேர்வையை வரவழைக்கத் தெரியுமா? சில பேருக்குத் தெரியுமாம். கையை எடுத்துட்டு ஊசியை எடுடா பவுன்ராஜ். இன்னும் எட்டு நிமிஷம்தானே, முடிச்சுட்டுப் பாத்துக்கலாம், நடுவுல எடுத்தா ஏன் எடுத்தீங்கம்பான், என்ன சொல்லுவ? எட்டு நிமிஷத்துல என்ன ஆகிடப்போகுது. மணிக்கணக்குலதான் நேரம்னு சொன்னாங்களே தவிர நிமிஷக்கணக்குன்னு சொல்லல. காலையில இருந்துங்கிறான், காலையில எத்தனை மணியில இருந்து? கேக்கலையே நான். அதைக்கூடக் கேக்கலையே.

அப்பத்தான் வந்துச்சு. வலது கையில, உள்ளங்கைக்கு நடுவுல, ஒரு சூடு. மொதல்ல இத்தனூண்டு, அப்புறம் மெதுவா விரிஞ்சு விரல் வரைக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. பன்னெண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததே இல்ல. அசைவாவது, தளர்ச்சியாவது, அதெல்லாம் ஒருவேளை என் நெனப்பா இருக்கும், இது நெனப்பு இல்ல, சூடு, நெசமான சூடு, அவன் உடம்புல இருந்து என் கைக்குள்ள எறங்குது. எறங்குதுய்யா! எந்த அரிசி மூட்டை இப்படிச் சுடும்? கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அப்ப அந்த மழையிலயும் பயத்துலயும் நான் கண்டது வீண் இல்ல, பேங்குக்காரன் சொன்னது வீண் இல்ல. எடுத்துக்கோங்கடா படம், நல்லா எடுத்துக்கோங்க, ஞாயித்துக்கிழமை முப்பது பேருக்கும் சொல்றேன், எறக்கம்னா சூடுன்னு சொல்றேன். டீச்சரம்மாவுக்கும் ஒருநாள் போய்ச் சொல்லணும், உங்களுக்கு ஆனதுல இருந்துதான் இது வந்துச்சும்மான்னு. சூடு மணிக்கட்டுக்கு வந்துருச்சு. மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் ஒரு கோடா ஓடுச்சு. ஓடி, முழங்கையில நின்னு, சொட்டுச்சு. கீழ தரையில. எனக்குப் புரியறதுக்கு முந்தி மூக்குக்குப் புரிஞ்சுபோச்சு.

“தவமணி,” பேசிட்டேன், “ஒண்ணுக்கு வருதா?” கண்ணைத் தொறந்து பாத்தான். “இல்லையே டாக்டர். வந்தாத்தான் தேவலையே, வயிறு கல்லு மாதிரி இருக்கு.” “இப்ப? இப்ப வரலையா?” “இல்ல டாக்டர்.” சொல்லிக்கிட்டு இருக்கும்போதே என் கையில ஓடிக்கிட்டு இருக்கு. அவன் மூஞ்சியை உத்துப் பாத்தேன், உதட்டை, புருவத்தை, பொய்யோட ஒரு சின்ன நூலாவது அகப்படாதான்னு பாத்தேன், அப்பவும் பாத்தேன், அதை நெனச்சாத்தான் என்னையவே செருப்பால அடிக்கணும்போல இருக்கு. வலது கையை மட்டும் உருவி, அவன் மேல போத்தியிருந்த போர்வைக்குள்ள விட்டுத் தொடையோட உள்பக்கம் நறுக்குனு கிள்ளினேன். “நான் இப்ப என்ன பண்றேன், சொல்லு.” யோசிச்சான். பாவம், பரீட்சையில கேட்ட மாதிரி யோசிச்சான். “கை வச்சிருக்கீங்க டாக்டர். கழுத்துல.”

மச்சானைக் கூப்பிட அவன் சட்டையில இருந்து போனை எடுத்தேன், பட்டன் போன், நான் பாத்த கண்ணாடி டார்ச்சு. மச்சானை மேல வரச்சொல்லிட்டு, என் போன்ல ஆஸ்பத்திரிக்கு அடிச்சு என்னன்னு சொன்னேன். காலையில எத்தனை மணியில இருந்து சிறுநீர் போகலன்னு அங்க கேட்டாங்க, தவமணி அஞ்சு மணின்னான். உங்ககிட்ட எப்ப வந்தார்னு கேட்டாங்க. பத்தரைக்குன்னேன். உடனே கொண்டாங்கன்னு வச்சுட்டாங்க. தவமணி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தான். “ஏன் டாக்டர் ஆஸ்பத்திரி? அதான் வலி போயிருச்சே. சத்தியமா, வரும்போது உசுரு போச்சு, வாசல்ல நின்னு ஒங்க போர்டைப் படிச்சுக்கிட்டேதான் பல்லைக் கடிச்சேன். இப்ப ஒண்ணுமே தெரியல.” இதே பேச்சு. இத்தனை வருஷத்துல எத்தனை பேரு இதே பேச்சைப் பேசி, நான் தலையாட்டிக் கேட்டு, படம் புடிச்சு, கீழ பேரு போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கேன். வலி போச்சு சார்னாங்களே, அதுல எத்தனை பேருக்குச் சரியாப் போச்சு, எத்தனை பேருக்கு இப்படிப் போச்சு? எவன் கணக்கும் எனக்குத் தெரியாதே. திரும்பி வராதவங்க எல்லாம் நல்லாயிட்டாங்கன்னுதானே நெனச்சுக்கிட்டு இருந்தேன். “தவமணி, நல்லாக் கேட்டுக்க. என் கையில ஒண்ணும் இல்ல. என் கை ஒண்ணுமே பண்ணல. உனக்கு மரத்துப்போச்சு, அதான் வலி தெரியல. நீ வாயைத் தொறந்ததுமே உன்னை அனுப்பியிருக்கணும், நான் அனுப்பல, தப்பு என்னுது. அங்க ஆபரேஷன்னு சொன்னா மாட்டேன்னு சொல்லிறாத. கையெழுத்துப் போட்டுரு.” சிரிச்சான். அந்த நெலமையில சிரிச்சான். “பெரியவங்க எல்லாம் அப்படித்தான் டாக்டர் சொல்லுவாங்க. எல்லாம் என் செயல்னா சொல்லுவாங்க?”

மச்சான் ஓடி வந்தான். நிக்கவச்சுப் பாத்தோம், ரெண்டு பாதமும் மடங்கி மடங்கிப் போச்சு. பிளாஸ்டிக் நாற்காலியில உக்காரவச்சு, மச்சான் முன்னாடி கீழ, நான் பின்னாடி மேல, தூக்கிக்கிட்டு இறங்குனோம். கைலி நனைஞ்சு நாற்காலியில இருந்து சொட்டிக்கிட்டே வருது, தவமணி அதையும் பாக்கல, சுத்தி நின்னவங்களைப் பாத்துப் பேசிக்கிட்டே வர்றான். மிக்சிக் கடைக்காரர் மிக்சியை நிறுத்திட்டு என்னாச்சுன்னு ஓடி வந்தார். “ஒண்ணும் இல்லண்ணே,” தவமணிதான் பதில் சொன்னான், “டாக்டருக்கு நல்ல கைராசிண்ணே. தொட்டாரு, வலி போயிருச்சு.” மச்சான் திரும்பி, நன்றியோட, என்னையப் பாத்தான். பேசாம வாங்கய்யான்னு கத்தினேன். படி குறுகல், தவமணி கால் ரெண்டும் நாற்காலிக்கு வெளிய தொங்கி, செருப்பில்லாத பாதம் ஒவ்வொரு படி ஓரத்துலயும் டொக்கு டொக்குனு மோதிக்கிட்டே வருது, கட்டைவிரல்ல ரத்தம் வந்துருச்சு. “காலைப் புடிங்க, காலைப் புடிங்க, இடிக்குது பாருங்க”ன்னேன். தவமணி என்னைய அண்ணாந்து பாத்தான்.

“யாருக்கு டாக்டர் இடிக்குது?”